கீழே விழுந்த பயண வண்டியில் முன் ஃபோர்க் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கீழக்கரைப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆனி மாதக் கடைசியில் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போய்த் திரும்பும் வழியில், முகுந்தராயர் சத்திரத்துக்குச் சற்று முன்னால், காற்று சாலையில் வாரிப் போட்டிருந்த மணலில் முன் சக்கரம் வழுக்கி என் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேகம் முப்பதைத் தாண்டியிருக்காது. முழங்கையில் தோல் வழன்றதோடு நான் தப்பினேன். ஆனால் வழுக்கிச் சென்ற வண்டியின் முன் சக்கரம் சாலையோரத்தில் கொட்டிக் கிடக்கும் பாறாங்கல் ஒன்றில் பக்கவாட்டில் இடித்து நின்றது. வீடு வரை ஓட்டித்தான் வந்தேன். வண்டி நேராகப் போகும்போது ஹேண்டில் பாரின் வலது முனை ஒரு விரற்கடை என் பக்கம் வந்து நிற்கிறது. அத்துடன் வண்டி இடப்பக்கம் லேசாக இழுப்பது போலவும் தோன்றுகிறது.

வண்டி 400 சிசி வகைப் பயண வண்டி. முன்னால் 21 அங்குலச் சக்கரத்தில் 90 மில்லிமீட்டர் அகல டயர், பின்னால் 17 அங்குலச் சக்கரத்தில் 120 மில்லிமீட்டர் அகல டயர், முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கின் பைப் 41 மில்லிமீட்டர் விட்டம். ராமநாதபுரத்தில் நான் காட்டிய முதல் பட்டறையில் வண்டியை முன்னால் நின்று ஒரு முறை பார்த்துவிட்டு, பைப் இரண்டும், அவற்றை மேல் தட்டுக்குக் கீழே சேர்த்துப் பிடிக்கும் டீயும் கோணிவிட்டன, மூன்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் மாதச் சம்பளத்தில் பாதி. இரண்டாவது பட்டறையில், சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை எதிர்ப்பக்கம் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அப்போதே செய்யவும் முற்பட்டார்கள். எந்த போல்ட்டையும் தளர்த்தாமல் அப்படி இழுப்பது எனக்குச் சரியாகப் படாததால் வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

ஆடி கடைசியில் ஏர்வாடி, சாயல்குடி, தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரி வரை போவதாக இருக்கிறேன். வீட்டில் நடு ஸ்டாண்டு, ஸ்பேனர் செட், போல்ட்டை அளவு பார்த்து இறுக்க இரவல் வாங்கிய டார்க் ரென்ச் ஆகியவை உள்ளன. பணத்தைக் கொடுப்பதற்கு முன், ஃபோர்க் உண்மையிலேயே கோணியிருக்கிறதா என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?


மண்டபம் பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, இரண்டாவது பட்டறையில் இழுக்க விடாமல் வண்டியைக் கொண்டு வந்தது நல்ல காரியம். முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். முறுக்கு வேறு, கோட்டம் வேறு. பைப் இரண்டும் நேராகவே இருக்க, அவற்றைப் பிடித்திருக்கும் டீயிலும் மேல் தட்டிலும் ஒன்றுக்கொன்று சற்றே நழுவி, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நிற்பது முறுக்கு. அதற்குப் பணச் செலவு இல்லை, நேரச் செலவுதான். பைப்போ டீயோ வளைந்துவிடுவது கோட்டம், அதற்குத்தான் செலவு. நேருக்கு நேர் மோதிய வண்டியில் பைப் பெரும்பாலும் டீக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாக வளையும். உங்களுடையதைப் போலக் குறைந்த வேகத்தில் சாய்ந்து, சக்கரம் பக்கவாட்டில் இடித்த வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது முறுக்கைத்தான். ஆனாலும் பார்க்காமல் சொல்வதற்கில்லை.

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் ஒரே காரணத்தால் வந்தவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹேண்டில் கோணலாக நிற்பது முறுக்கின் அடையாளம். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு முறுக்கு மட்டுமன்றிப் பின் சக்கரம், டயர் தேய்மானம், காற்றழுத்தம், ஒரு பக்கம் மட்டும் கனமான பை, சாலையின் சாய்வு, காற்று என்று பல காரணங்கள் உண்டு. நம் பக்கத்தில் கடைசி இரண்டும் ஆளை நன்றாக ஏமாற்றும். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருப்பதால், இடப்பக்கம் ஓட்டுகிற நம் வண்டி எப்போதும் இடப்பக்கம்தான் இறங்கப் பார்க்கும். காற்றோ போகும் திசையைப் பொறுத்துப் பக்கம் மாறும். ஆடி மாதத்தில் பாம்பன் பாலத்தின் மேல், 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலத்தைச் சொல்கிறேன், ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது வலப்பக்கத்திலிருந்து தள்ளுகிற காற்று, திரும்பி வரும்போது இடப்பக்கத்திலிருந்து தள்ளும். ஆகவே விடியற்காலையில் காற்று எழுவதற்கு முன், ஆளரவமற்ற நேரான சாலையில், நடு உயரத்தை ஒட்டி ஒரே துண்டில் போகவும் வரவும் ஓட்டிப் பாருங்கள். இரு கைகளையும் விட்டுவிடாமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். போனாலும் வந்தாலும் நடுச்சாலையிலும் ஒரே பக்கம் இழுத்தால்தான் வண்டியில் குறை.

இனி ஃபோர்க்கைப் பார்க்கும் முறை. கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுக் கண்ணாடி கிடைக்கும். பைப் இரண்டின் மேலும் குறுக்கே படிந்து இருபுறமும் கொஞ்சம் நீளும்படி ஒரு முப்பது சென்டிமீட்டர் நீளம், பதினைந்து சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். ஓரங்களை உரசி மழுக்கித் தரச் சொல்லுங்கள். மெல்லிய கண்ணாடி கையழுத்தத்திலேயே வளைந்து பொய் சொல்லும். ரப்பர் உறைகளைக் கீழே இறக்கிவிட்டு, பைப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டீக்குக் கீழே தெரியும் பைப் இரண்டின் மேலும் முன்பக்கத்திலிருந்து கண்ணாடியை வைத்து மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். பைப் இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் கண்ணாடி ஆடாமல் படியும். முறுக்கு இருந்தால் எதிரெதிர் மூலைகள் இரண்டும் மாறி மாறித் தட்டும். விரல் நுனியில் அந்த ஆட்டம் தெளிவாகத் தெரியும். எந்த மூலையில் இடைவெளி, எத்தனை தாள் நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ் இல்லாதவருக்கு அதுவே அளவுகோல்.

முறுக்கு இருந்தால் நீக்குவது இப்படி. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினுக்கு அடியில் ஜாக்கியோ மரக்கட்டையோ கொடுத்து, முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கச் செய்யுங்கள். இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். எடை முன் சக்கரத்தின் மேல் இருக்கும்போது டீ போல்ட், மேல் தட்டு போல்ட் எல்லாவற்றையும் தளர்த்தினால் பைப் மேலே ஏற, வண்டி கீழே இறங்கிவிடும். அதன் பிறகு ஆக்சில் நட், ஆக்சிலின் பிடிப்பு போல்ட், மட்கார்டு போல்ட்கள், டீ போல்ட்கள், மேல் தட்டு போல்ட்கள், ஹேண்டில் திரும்பும் நடுத்தண்டின் மேல் நட் ஆகியவற்றைக் கழற்றாமல் தளர்த்த வேண்டும். இப்போது சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் பிடித்து ஹேண்டிலைத் திருப்பினால் பலம் தேவைப்படாது. ஒரு கதவைத் திறக்கும் அளவு விசை போதும். இரண்டாவது பட்டறைக்காரர் சொன்ன முறை முழுத் தவறில்லை, போல்ட்களைத் தளர்த்தாமல் செய்வதுதான் தவறு.

இறுக்குவதற்கு முன் மேல் தட்டுக்கு மேலே பைப் இரண்டும் எவ்வளவு நீண்டிருக்கின்றன என்று அளந்து சமமாக்குங்கள். பிறகு டீ, நடுத்தண்டு நட், மேல் தட்டு என்ற வரிசையில் இறுக்கி, மறுபடி கண்ணாடியை வைத்துப் பாருங்கள். நடுத்தண்டு நட்டைத் தொட்டுவிட்டதால் கோன் செட்டையும் (அந்தத் தண்டின் பேரிங்) பார்த்துவிடுங்கள்; ஹேண்டில் இரு பக்கமும் தானாக விழ வேண்டும், சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆக்சிலில் ஒரு நுட்பம் உண்டு. ஆக்சிலை இறுக்கிய பின், பிடிப்பு போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை ஏழெட்டு முறை அமுக்கி எழ விடுங்கள். பிடிப்பு போல்ட் உள்ள பக்கத்து ஃபோர்க் கால் ஆக்சிலின் மேல் தன் இடத்தைத் தானே தேடி உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகே பிடிப்பு போல்ட்டையும், கடைசியாக மட்கார்டையும் இறுக்க வேண்டும். இறுக்கத்தின் அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். மற்றவர் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.


தொண்டி வழிப்போக்கன் எழுதியது:

பட்டறைக்காரர் ஐயா சொன்னதோடு சிறிய விஷயம் ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபோர்க்கைத் தொடுவதற்கு முன் ஹேண்டில் பாரையே பாருங்கள். விழுந்தபோது தரையில் முதலில் மோதியது பாரின் இடது முனையாகத்தான் இருக்கும். பார் வளைந்திருந்தாலும், அதைத் தாங்கும் இரண்டு கட்டைகளுக்கு அடியில் உள்ள ரப்பர் புஷ் நசுங்கியிருந்தாலும், பார்வைக்கு ஃபோர்க் முறுக்கிக்கொண்டது போலவே இருக்கும். நான் போன ஆண்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஃபோர்க்கில் செலவிட்ட பிறகு, குறை 2 சிறு ரப்பர் புஷ்களில் இருந்தது தெரியவந்தது. பாரைப் பார்க்காமல், மேல் தட்டின் விளிம்பும் ஆக்சிலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று முன்னால் குனிந்து பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.


உச்சிப்புளி ஆசாரி மகன் எழுதியது:

என் தகப்பனார் நாட்டுப்படகு கட்டுகிற ஆசாரி. பலகையில் முறுக்கு இருக்கிறதா என்று அவர் பார்க்கும் முறையையே நான் என் வண்டிக்கும் பயன்படுத்துகிறேன். கண்ணாடி வாங்கவும் வேண்டியதில்லை. நன்றாக இழைத்த, நேரான இரண்டு ரீப்பர் துண்டுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை டீக்கும் மேல் தட்டுக்கும் இடையிலும் மற்றொன்றை டீக்குக் கீழேயும் பைப் இரண்டின் மேலும் குறுக்கே ரப்பர் பட்டையால் கட்டிவிட வேண்டும். ரீப்பர் ஒவ்வொன்றும் மூன்றடி நீளம் இருக்கட்டும். பைப்களுக்கு நடுவில் உள்ள சிறிய வித்தியாசம், ரீப்பரின் முனையில் நாலைந்து மடங்காகப் பெருகித் தெரியும். வண்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கீழ் ரீப்பரின் மேல் விளிம்போடு மேல் ரீப்பரின் கீழ் விளிம்பு ஒட்டி வருகிற மாதிரித் தலையைத் தாழ்த்திக்கொண்டே வந்தால், இரண்டு விளிம்புகளும் ஒரே கோடாகச் சேர வேண்டும். ஒரு முனை முன்னதாகச் சேர்ந்து மறு முனை விலகி நின்றால் முறுக்கு உண்டு. விளக்குக் கூடு இடைஞ்சலாக இருக்கும் வண்டிகளில் மட்டும் இது கடினம், அங்கே கண்ணாடிதான்.

வண்டி இழுப்பதற்கு நூல் பிடித்துப் பாருங்கள். பருத்தி நூல் காற்றில் ஆடும், தொய்யும். அதனால் தங்கூசி (நைலான்) நூல் நல்லது. பின் டயரின் பின்னால் நூலைச் சுற்றி, ஸ்டாண்டிலோ சைலன்சரிலோ உரசாத உயரத்தில் இரு பக்கமும் முன்னால் கொண்டுவந்து, முன் சக்கரத்தைத் தாண்டி இரண்டு செங்கற்களில் இழுத்துக் கட்டுங்கள். நூல் பின் டயரின் பின் விளிம்பையும் முன் விளிம்பையும் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். உங்கள் பின் டயர் 120, முன் டயர் 90 என்றால் வித்தியாசம் 30. ஆகவே முன் சக்கரத்தின் இரு பக்கமும் நூலுக்கும் டயருக்கும் இடையே 15 மில்லிமீட்டர் வீதம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. டயரில் அச்சிட்ட அகலமும் உண்மை அகலமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் 15 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். இடமும் வலமும் சமமா என்பதே கேள்வி. சமமாக இல்லையென்றால், ஃபோர்க்கைக் குறை சொல்வதற்கு முன் பின்னால் செயின் அட்ஜஸ்டரைப் பாருங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகள் பல வண்டிகளில் துல்லியமாக இருப்பதில்லை. அட்ஜஸ்டரில் அரை மில்லிமீட்டர் பிசகினால் முன் சக்கரத்தில் அது மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் தெரியும்.


பரமக்குடி லேத் எழுதியது:

கண்ணாடியோ ரீப்பரோ, இரண்டும் குறை இருப்பதைச் சொல்லுமே தவிர, வளைந்தது பைப்பா டீயா என்று சொல்லாது. அதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முறுக்கை நீக்கிய பிறகும் கண்ணாடி ஆடினால், டீ போல்ட்டையும் மேல் தட்டு போல்ட்டையும் மறுபடி தளர்த்தி, ஒரு பைப்பை மட்டும் கால் சுற்றுத் திருப்பி இறுக்கிப் பாருங்கள். திருப்புவதற்கு முன் பைப்பின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பைப் நேராக இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணாடியின் இடைவெளி மாறாது. மாறாமல் நிற்கிற இடைவெளி டீயின் கோட்டம். திருப்பத் திருப்ப இடைவெளியும் கூடிக் குறைந்து வந்தால் கோட்டம் அந்தப் பைப்பில்தான் இருக்கிறது. பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிப் பைப்பையே பிடித்துத் திருப்ப வேண்டும். தலையிலுள்ள மூடியைப் பிடித்துத் திருகக் கூடாது. மூடி கழன்றால் உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் அதை முகத்தை நோக்கி எறியும்.

பைப்பில் கோட்டம் என்று சந்தேகம் வந்தால் கழற்றிக்கொண்டு லேத்துக்கு வாருங்கள். வி வடிவப் பள்ளமுள்ள இரண்டு வி பிளாக்கின் மேல் பைப்பைப் படுக்க வைத்து, நடுவில் முள் வைத்த அளவுமானியான டயல் கேஜை நிறுத்தி, மெதுவாக உருட்டினால் முள் நகர்வது தெரியும். முள் 0.20 நகர்ந்தால் உண்மைக் கோட்டம் அதில் பாதி, அதாவது 0.10 மில்லிமீட்டர்தான், இதைத் தெரியாமல் நல்ல பைப்பைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கையேட்டில் கொடுத்திருக்கும் எல்லை முள் நகர்வுக்கா உண்மைக் கோட்டத்துக்கா என்று படித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

வளைந்த பைப்பைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்துவது பற்றிக் கேட்பீர்கள். லேசான வளைவை நிமிர்த்தலாம், நானே நிமிர்த்தியிருக்கிறேன். ஆனால் கடற்கரை வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நிமிர்த்தும்போது குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். தனுஷ்கோடியில் ஒரு நாள் ஓட்டினால் படிகிற உப்பு அதற்குள் இறங்கி, சில மாதங்களில் பூச்சு பொரிந்து எழும்பி, ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். பைப் மடங்கிய தடம் கண்ணுக்கே தெரிந்தால் எந்த ஊர் வண்டியாக இருந்தாலும் நிமிர்த்தக் கூடாது. ரப்பர் உறையை இறக்கும்போது நகத்தால் பைப்பை வருடிப் பாருங்கள். நகம் தட்டுகிற இடத்தில் உப்புப் பொரி ஆரம்பித்துவிட்டது என்று பொருள். உறை போட்டிருப்பதால் உப்பு ஏறாது என்று நினைக்க வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கும்.


மண்டபம் பட்டறைக்காரர் எழுதியது:

நிமிர்த்துவதில் எனக்கு லேத்காரரோடு கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு; உதிரிபாகமே கிடைக்காத பழைய வண்டிகளுக்கு வேறு வழி என்ன? ஆனால் இந்த வண்டிக்குப் பைப் கிடைக்கும் என்பதால் இங்கே அதைப் பேச வேண்டியதில்லை. பைப்பைக் கால் சுற்றுத் திருப்பும் யோசனை நல்லது. நான் சொல்ல மறந்தது.


கீழக்கரைப் பயணி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் இதிலேயே சென்றன, கண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஹேண்டில் பாரைப் பார்த்தேன். வளையவில்லை, ரப்பர் புஷ்ஷும் நன்றாக இருந்தது. கண்ணாடியை வைத்தபோது இடப்பக்க மேல் மூலையும் வலப்பக்கக் கீழ் மூலையும் மாறி மாறித் தட்டின. கீழ் மூலையில் ஏழு தாள் நுழைந்தது, எட்டாவது நுழையவில்லை. போல்ட்களைத் தளர்த்தி ஹேண்டிலைத் திருப்பியபோது, பட்டறைக்காரர் ஐயா எழுதியபடியே பலம் எதுவும் தேவைப்படவில்லை. டீயிலிருந்து மெல்லியதாக ஒரு ‘நொறுக்’ சத்தம் மட்டும் கேட்டது. பைப்பும் டீயும் சேரும் இடத்தில் பழைய உப்பும் மணலும் இறுகிப் போயிருந்தன. மேல் தட்டுக்கு மேலே இடப்பக்கப் பைப் மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்ததையும் அப்போதுதான் கண்டேன். அது விழுந்ததால் வந்ததா, முன்பு ஆயில் சீல் மாற்றியபோதே அப்படிப் பூட்டினார்களா என்று சொல்ல முடியவில்லை. சமமாக்கி இறுக்கிய பிறகு கண்ணாடி படிந்து நின்றது. கீழ் மூலையில் ஒரு தாள் மட்டும் இழுத்தால் தடையோடு வந்தது. அந்த ஒரு தாளுக்காக இரண்டு பைப்பையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றுத் திருப்பிப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் அதே மூலையில் அதே ஒரு தாள். ஆகவே பைப் இரண்டும் நேர். டீயில் இருக்கும் அந்த அளவு பிசகு விழுந்ததால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா தெரியாது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நூல் பிடிக்க எங்கள் காக்கா (அண்ணன்) உதவினார். இடப்பக்கம் 18, வலப்பக்கம் 12 மில்லிமீட்டர். செயின் அட்ஜஸ்டரைப் பார்த்தால் ஸ்விங் ஆர்ம் கோடுகளின்படி இரண்டு பக்கமும் சமம்தான். ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து பின் ஆக்சிலின் நடு வரை டேப் வைத்து அளந்தபோதுதான் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. தனுஷ்கோடிக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் செயினை இறுக்கியது நானேதான். அட்ஜஸ்டரை அரைச் சுற்றுத் திருப்பியதும் இரு பக்கமும் 15க்கு வந்தது.

நேற்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஏர்வாடிச் சாலையில் போகவும் வரவும் ஓட்டினேன். ஹேண்டில் நேராக நிற்கிறது. நடுச்சாலையில் இழுப்பு இல்லை; ஓரத்துக்கு வந்தால் இடப்பக்கம் சற்றே இறங்குகிறது, அது சாலையின் சாய்வு.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஃபோர்க்கை அமுக்கி, பிடிப்பு போல்ட்டை இறுக்கிய பிறகு மட்கார்டைப் பூட்டப் போனால், வலப்பக்கத்துத் துளைக்கும் பாட்டத்தில் (ஃபோர்க்கின் கீழ்க் குழாய்) உள்ள துளைக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி நிற்கிறது. போல்ட்டை இறுக்கினால் மட்கார்டின் இரும்புத் தாங்கி வளைந்து சேர்ந்துவிடும், அப்படிச் செய்யலாமா?


மண்டபம் பட்டறைக்காரர் எழுதியது:

செய்யாதீர்கள் தம்பி. மட்கார்டின் தாங்கி அடிபட்டுக் கோணியிருக்கிறது. அதை இழுத்துச் சேர்த்தால் அது பாட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பைப் இறங்கும்போதெல்லாம் ஒரு பக்கம் உரசும். இடைவெளி உள்ள பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சரியாக வாஷர் அடுக்கி இறுக்குங்கள். ஸ்டெயின்லெஸ் வாஷராக வாங்குங்கள். சாதாரண இரும்பு வாஷர் நம் ஊர்க் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது.